என் வீட்டு மார்பிள் தரையை நானே கரைத்த கதை

தரை நுரைத்தபோது எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. மண்டியிட்டுக் குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா, இங்க வந்து பாருங்க, எத்தனை வருசத்து அழுக்கு பொங்கிக்கிட்டு வருது!" என்று கூப்பிட்டுக் காட்டினேன். பொங்கியது அப்பா வாங்கிப் போட்ட மார்பிள்தான் என்று எனக்கு விளங்க மூன்று மாதம் ஆனது. அதற்குள் 624 ரிங்கிட் கைவிட்டுப் போயிருந்தது, அம்மா ஒரு தடவை வழுக்கி விழுந்திருந்தார். இதையெல்லாம் யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோலாலம்பூரில், பழைய கிள்ளான் சாலைப் பக்கம் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில். இரண்டு மாடி வரிசை வீடு. 1993இல் அப்பா வாங்கியது. கீழே ஹால் முழுக்க மார்பிள், மேலே மரத்தரை. அந்தக் காலத்தில் இங்கே கட்டிய நிறைய வீடுகளில் இதே அமைப்பைப் பார்க்கலாம். அப்பா தோட்டத்து லயத்தில், சாணம் மெழுகிய தரையில் பிறந்து வளர்ந்தவர். மார்பிள் தரை அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பழைய பனியனை வெறும் தண்ணீரில் நனைத்து, சொட்டுக்கூட விழாதபடி பிழிந்து, அவரே துடைப்பார். "சோப்புக்கூடப் போடாம என்னப்பா துடைக்கிறீங்க?" என்று தம்பியும் நானும் கேலி செய்வோம். சிரித்துக்கொண்டே துடைப்பார், காரணம் சொல்லமாட்டார். 2021இல் அவர் தவறிய பிறகு தம்பி ஜொகூரில், நானும் அம்மாவும் இங்கே. தரை என் பொறுப்புக்கு வந்தது.

சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குறிப்பு வந்தது. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மூடி வினிகர் விட்டுத் துடைத்தால் கிருமி போகும், எறும்பு வராது, கண்ணாடி மாதிரி ஆகும் என்று. வினிகர் மலிவு, ரசாயனம் கிடையாது, சாப்பாட்டில் ஊற்றுகிற பொருள். இதில் என்ன கெடுதல் என்று வாரா வாரம் செய்தேன். நாலு மாதத்தில் வாசலிலிருந்து அடுப்படிக்குப் போகிற வழி லேசாக மங்கியது. போதவில்லை போலிருக்கிறது என்று மூடியை விட்டுவிட்டு அரை கப் ஊற்ற ஆரம்பித்தேன். துடைக்கத் துடைக்க மங்கியது, மங்க மங்க இன்னும் துடைத்தேன். எட்டு மாதம் இப்படிப் போயிற்று. இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஹார்ட்வேர் கடையில் போய்த் தரை மங்கியிருக்கிறது என்று சொன்னேன். மார்பிள் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. டைல்ஸில் ஒட்டிய சிமெண்டைக் கழற்றுகிற திரவம் இரண்டு பாட்டில் கொடுத்தார். பின்பக்கம் பொடி எழுத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று போட்டிருந்தது. நான் படித்தேன், படித்துவிட்டுத்தான் ஊற்றினேன். அப்புறம்தான் முதலில் சொன்ன அந்த நுரை. கண் எரிந்தது, தொண்டை கமறியது. ஜன்னலைத் திறந்து வைத்து ஹால் முழுக்கத் தேய்த்து, கழுவிவிட்டு, மின்விசிறியைப் போட்டேன். காய்ந்ததும் கையால் தடவிப் பார்த்தேன். சாக்பீஸைத் தொட்ட மாதிரி இருந்தது. காலையில் வாசல் கதவைத் திறந்தால் வெளியே நிற்கிற காரின் நிழல் தரையில் தெரியும். அன்றைக்குத் திறந்தேன், ஒன்றுமே தெரியவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவரைப் படுக்க வைத்த மாதிரி வெளுத்துப்போய்க் கிடந்தது. அப்பா படத்துக்கு விளக்கேற்றவே கூச்சமாக இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

நடந்தது இதுதான். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகியது. பத்துமலை எந்தக் கல்லோ அந்தக் குடும்பம். நம் வீடுகளில் போடுகிற உள்ளூர் மார்பிள் பல ஈப்போ பக்கத்துக் குன்றுகளில் வெட்டியது. மழைநீரில் இருக்கிற சொற்ப அமிலம் லட்சக்கணக்கான வருடம் சொட்டிச் சொட்டித்தான் பத்துமலைக்குள்ளே அவ்வளவு பெரிய குகை உண்டாயிற்று. அந்த வேலையை நான் வாளியில் கலந்து வாரா வாரம் செய்திருக்கிறேன். அமிலம் பட்டால் கல் கரைந்து கரியமில வாயு கிளம்பும், நுரை அதுதான். போலிஷ் போட்ட மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத பள்ளம் பள்ளமாக அரித்துப்போவதால் வெளிச்சம் சிதறி மங்கலாகத் தெரியும்.

கறை வேறு, அரிப்பு வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் பாதிப் பணம் போனது. எண்ணெய், மஞ்சள், காப்பி மாதிரி ஒன்று கல்லுக்குள் இறங்கினால் அந்த இடம் சுற்றி இருப்பதைவிடக் கருத்தோ நிறம் மாறியோ தெரியும், அது கறை. சுற்றி இருப்பதைவிட வெளுத்து, மங்கி, சாய்த்துப் பார்த்தால் பளபளப்பு அறுந்து தெரிந்தால் அது அரிப்பு. கறையை உறிஞ்சி எடுக்கலாம். அரிப்பை எந்தத் திரவம் போட்டுக் கழுவினாலும் போகாது. அங்கே போக வேண்டிய அழுக்கே கிடையாது, கல்தான் போயிருக்கிறது. மறுபடி தேய்த்து மெருகேற்றுவது ஒன்றுதான் வழி. உங்கள் தரை எந்தக் கல் என்று தெரியாவிட்டால், சோபாவுக்கு அடியில், யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு இரண்டு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் மங்கினால் மார்பிள் அல்லது சுண்ணாம்புக்கல் வகை. உண்மையான கிரானைட் என்றால் அசையாது. அதில் இருப்பது குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும், வீட்டில் புழங்குகிற அமிலத்துக்கெல்லாம் அது மசியாது. அடுப்படி கிரானைட் மேடையை எலுமிச்சை போட்டுத் தேய்த்துப் பழகிய கை, அதே பழக்கத்தில் மார்பிள் பக்கம் போய்விடுகிறது.

தீபாவளி நெருங்க நெருங்க எனக்குப் பதற்றம். விருந்தாளிகள் வந்தால் தரையைப் பார்த்துத்தான் முதலில் பேசுவார்கள். இணையத்தில் தேடி ஒருவரைப் பிடித்தேன். போட்டோ அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். நேரில் வந்து பார்க்கவில்லை. சதுர அடிக்கு 1 ரிங்கிட் 20 சென், எங்கள் ஹால் 520 சதுர அடி, மொத்தம் 624. மற்றவர்களெல்லாம் 3 ரிங்கிட்டுக்கு மேல் சொன்னதால் எனக்கு இது லாட்டரி அடித்த மாதிரி இருந்தது. காலையில் வந்தார்கள், ஏதோ பால் நிறத்தில் ஊற்றினார்கள், மெஷினை ஓட்டினார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கிளம்பிவிட்டார்கள். தரை தகதகவென்று இருந்தது. தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். நானும் பெருமையாக அவர் நம்பரை மூன்று பேருக்குக் கொடுத்தேன். அந்த மூன்று பேரிடமும் பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

ஆறு வாரத்தில் ஜன்னல் பக்கம் மஞ்சள் தட்டியது. நாற்காலி இழுத்த இடமெல்லாம் வெள்ளைக் கோடு. மழை நாளில் நாலைந்து ஈரக்கால் பட்டால் தரை எண்ணெய் தடவிய மாதிரி ஆகிவிடும். ஒரு சாயங்காலம் அம்மா பூசை இடத்திலிருந்து எழுந்து திரும்பினவர் சறுக்கி, சோபாக் கைப்பிடியைப் பிடித்து, பாதி விழுந்து பாதி உட்கார்ந்தார். எலும்பு முறிவு இல்லை, இடுப்பில் ஒரு வாரம் வலி. அதற்கப்புறம் ஒரு மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தார். முப்பது வருடமாக அவர் நடந்த ஹால் அது. அந்த ஆளுக்குப் போன் போட்டேன். "பழைய கல் அப்படித்தான் அக்கா, இன்னொரு கோட் அடிக்கணும்" என்றார். அடுத்த தடவை எடுக்கவில்லை. அவர் போட்டது போலிஷ் கிடையாது, மெழுகுப் பூச்சு. அரித்துப்போன கல்லின் மேலே ஒரு கண்ணாடித் தோல் போர்த்திவிட்டுப் போயிருக்கிறார். மூலையில் நாணயத்தின் விளிம்பால் லேசாகச் சுரண்டினால் வெள்ளையாகப் பொடிப்பொடியாக உரிந்து வந்தது. பழைய வீடு வாங்குகிறவர்கள் இந்தச் சுரண்டலை முதலிலேயே செய்து பார்த்துவிடுங்கள்.

பணம் போனது ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். இரண்டு மாதம் அப்படியே விட்டேன். பிறகு ஆபீஸில் ஒருவர் சொல்லி, கிள்ளானிலிருந்து ஒரு தம்பி வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். விலையைக் கேட்டால், "இருங்கக்கா, கல்லைப் பார்க்காம என்ன சொல்றது" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கைவிளக்கைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்துப் பார்த்தார். அங்கங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தார். சில இடத்தில் சொட்டு முத்தாக நின்றது, சில இடத்தில் கல் உறிஞ்சிக் கருத்தது. அடுப்படி ஓரம் நாலு கல்லில் ஈரம் பார்க்கிற கருவியை வைத்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு வாசலுக்குப் போனவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இது என்ன, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு?"

நிலைக்கதவுக்கு இடமும் வலமும், சுவரை ஒட்டி, ஐம்பது சென் காசு அளவில் வட்டம் வட்டமாக. ஒன்றின் மேல் ஒன்றாக, ஒலிம்பிக் கொடி மாதிரி பின்னிக்கொண்டு. விரலை வைத்தால் லேசான குழிவு. எனக்குப் புரியவில்லை. அம்மாதான் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "அமாவாசைக்கு அமாவாசை எலுமிச்சம்பழம் வைப்பேனே, அது." நறுக்கி, குங்குமம் தடவி, திருஷ்டிக்கு வாசலில் இரண்டு பக்கமும் வைக்கிற பழம். சாறு வழிந்து அடியில் தேங்கி, ராத்திரி முழுக்க அப்படியே இருந்து, ஒவ்வொரு அமாவாசையும் ஒரு முத்திரை. அந்தத் தம்பி சிரிக்கவில்லை, அதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். "பூசை இடத்துல குத்துவிளக்கு எங்க வெச்சுத் தேய்ப்பீங்கம்மா?" என்று கேட்டார். அங்கேயேதான், செய்தித்தாளை விரித்து, புளி போட்டு. அங்கே போய்ப் பார்த்தால் மழைத்தூறல் விழுந்த மணல் மாதிரி நூற்றுக்கணக்கான மங்கல் புள்ளிகள். புளித்தண்ணீர் தெறித்தவை. ஆக என் வினிகர் மட்டும் குற்றவாளி இல்லை. ஆனால் அம்மாவும் விளக்கும் சேர்ந்து முப்பது வருடத்தில் செய்ததை நான் ஒரே காலையில் மிஞ்சிவிட்டேன்.

வேலை இரண்டரை நாள் நடந்தது. முதல் நாள் முழுக்க மெழுகை உரிப்பதற்கே போனது. பிறகு வைரத்தூள் பதித்த பேட், 200இல் ஆரம்பித்து 400, 800, 1500, 3000 என்று ஏறிக்கொண்டே போனார். எண் ஏற ஏறத் தேய்ப்பு நைஸாகும். ஒரு எண்ணைத் தாண்டிக் குதித்தால் முந்தின பேட் போட்ட கீறலை அடுத்தது எடுக்காது, வெளிச்சத்தில் சுழி சுழியாகத் தெரியும் என்றார். தண்ணீர் விட்டுத் தேய்ப்பதால் தூசி பறக்கவில்லை, ஆனால் தயிர் மாதிரி வெள்ளைக் கூழ் வரும். அதை உறிஞ்சி எடுத்து வாளியில் கொண்டுபோனார். பாத்ரூம் துவாரத்தில் ஊற்ற விடாதீர்கள், குழாய்க்குள் படிந்து இறுகி அடைத்துக்கொள்ளும். சுவரோரமும் மரக்கதவும் பிளாஸ்டிக் போட்டு மூடியிருக்க வேண்டும், இதை வேலை தொடங்கும் முன்னாலேயே கேளுங்கள். சோபா, அலமாரி, டிவி எல்லாவற்றையும் கார் போர்ச்சுக்கு நகர்த்த இரண்டு பேர் வேண்டும். எனக்கு யாரும் இல்லை. தம்பி ஜொகூரிலிருந்து விடுப்பு எடுத்து வந்தான்.

செலவு சதுர அடிக்கு 3 ரிங்கிட் 50 சென் வீதம் 1,820. கறை இறங்காமல் இருக்கப் பூசுகிற சீலருக்கு 80 சென் வீதம் 416. முதல் ஆளுக்குக் கொடுத்த 624ஐயும் சேர்த்தால் 2,860. வினிகர், அமிலம், அம்மாவுக்கு வாங்கிய வலி மருந்து எல்லாம் தனி. அப்பாவின் பனியன் வைத்தியத்துக்கு ஒரு காசு செலவு கிடையாது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

சீலரைப் பற்றி நான் தப்பாக நினைத்திருந்தேன். அதைப் போட்டுவிட்டால் எலுமிச்சை விழுந்தாலும் கவலையில்லை என்று. அது கல்லின் நுண்துளைக்குள் போய் எண்ணெயும் காப்பியும் வேகமாக இறங்காமல் தடுக்கும், துடைக்க நேரம் கொடுக்கும், அவ்வளவுதான். அமிலம் மேற்பரப்பைத் தொட்ட நொடியே அரிக்கும், சீலர் போட்ட கல்லும் அரித்துப்போகும். ஈரம் காட்டிய அந்த நாலு கல்லுக்கு அந்தத் தம்பி சீலர் போட மறுத்துவிட்டார். தரைக்கடியிலிருந்து ஈரம் ஏறுகிறது, மேலே மூடினால் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே நிற்கும், உப்புப் பூத்து மேற்பரப்பு பொரிந்துபோகும் என்றார். காசு கொடுக்கிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொன்ன ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆள் தேடும்போது இதைத்தான் கவனியுங்கள்: நேரில் வருகிறாரா, எது கறை எது அரிப்பு என்று பிரித்துச் சொல்கிறாரா, பேட் எண்களை வரிசையாகச் சொல்லத் தெரிகிறதா, ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி செய்து காட்டச் சம்மதிக்கிறாரா. சதுர அடி விலையை அதற்கப்புறம் பேசலாம்.

விளக்கடியில் நல்லெண்ணெய் இறங்கிக் கருத்திருந்த ஒரு கல்லை மட்டும் நானே எடுத்தேன். அதற்குப் பத்துப்போடுகிற வைத்தியம். தாஜ்மஹால் பளிங்கு மஞ்சளித்தபோது இந்தியத் தொல்லியல் துறையினர் முல்தானி மிட்டியைக் குழைத்துப் பூசி, காயவிட்டு எடுத்தார்கள். 1994இல் தொடங்கி பல தடவை செய்திருக்கிறார்கள். அதே மண் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் முகத்துக்குப் பூசும் பொடியாகவே கிடைக்கிறது. எண்ணெய்க் கறை என்பதால் தண்ணீருக்குப் பதில் அசிட்டோன் விட்டு, வேர்க்கடலைச் சட்னி பதத்துக்குக் குழைத்து, விரல் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் போட்டு ஓரத்தை டேப்பால் ஒட்டினேன். ஒரு நாள் மூடி வைத்து, பிறகு திறந்து தானாகக் காயவிட வேண்டும். காயும்போதுதான் மண் எண்ணெயை இழுக்கும். மூன்று தடவை செய்தேன், முக்கால்வாசி போனது. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கிற பொருள். பூசை இடத்தில் செய்தால் விளக்கை இரண்டு நாளைக்கு வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். மஞ்சள், காப்பி மாதிரி கறைக்கு அசிட்டோன் வேண்டாம், மருந்துக்கடையில் கிடைக்கிற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். வெளிர் நிறக் கல்லுக்குத்தான் இது, கருப்பு மார்பிளில் பட்டால் நிறம் வெளுத்துவிடும்.

இப்போது தினமும் உலர்ந்த மைக்ரோஃபைபர் மாப்பால் தூசி எடுக்கிறேன். மணல்தான் மார்பிளுக்கு இரண்டாவது எதிரி. கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்கிற மோஸ் அளவில் மார்பிள் 3, மணலில் இருக்கிற குவார்ட்ஸ் 7. செருப்பில் ஒட்டி வருகிற நாலு மணல் போதும், உப்புத்தாள் வேலை செய்யும். வாசலுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு மிதியடி போட்டிருக்கிறேன். வாரம் ஒரு தடவை பிஹெச் 7 என்று எழுதிய நடுநிலைத் திரவம் கொஞ்சம் விட்டு, நன்றாகப் பிழிந்த மாப், பின்னாலேயே வெறும் தண்ணீர் மாப், பிறகு மின்விசிறி. நம் ஊர்ப் புழுக்கத்தில் தரை தானாகக் காயட்டும் என்று விட்டால் ஈரம் அரை நாள் நிற்கும். ரசம் கொட்டினால் துணியை மேலே வைத்து ஒற்றி எடுப்போம், இழுத்துத் துடைப்பதில்லை. குத்துவிளக்கு பின்கட்டுக் குழாயடிக்குப் போய்விட்டது. அங்கே சிமெண்டுத் தரையையும் புளி அரிக்கத்தான் செய்யும், ஆனால் அதற்கு யார் அழப்போகிறார்கள். தீபாவளிக்குக் கலர் அரிசிக் கோலம் இப்போது பலகை மேல். சாயம் போட்ட அரிசி ஈரத்தில் பட்டால் ரோஜா நிறத்தில் கல்லுக்குள் போய்விடும்.

வாசல் வட்டங்கள் முழுசாகப் போகவில்லை. அவற்றை எடுக்கவேண்டுமென்றால் அந்த இரண்டு கல்லையும் ஆழமாகத் தேய்க்க வேண்டும், கதவோரம் பள்ளமாகத் தெரியும் என்றார், விட்டுவிட்டோம். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது மட்டும் தெரியும். போன அமாவாசைக்கு அம்மா வழக்கம்போல் பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவினார். பிறகு அடுப்படிக்குப் போய்த் தேநீர்க் கோப்பையின் சாசர் இரண்டை எடுத்து வந்து, வட்டங்கள் சரியாக மறையும்படி அவற்றின் மேலேயே வைத்தார்.